உப்பு: தேவையான அளவு

எங்கள் தையலக்காவுக்கு முகத்துக்காகப் பேசத் தெரியாது. ஆசை ஆசையாகத் துணி எடுத்து வருகிறவரிடம், "இந்தக் கலர் உங்களுக்கு எடுக்காதுங்க, மாத்திட்டு வாங்க" என்று நேருக்கு நேர் சொல்லிவிடுவார். தோளைப் பார்த்தே அளவு சொல்லும் கண். டேப்பை எடுப்பதெல்லாம் வந்தவரின் திருப்திக்கு. இப்படிப் பேசியும் கடையில் கூட்டம் குறைந்ததில்லை.

மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் நாங்கள் நாலு பேர் கூடுவோம். அக்கா, பக்கத்துக் கிளினிக்கில் வேலை பார்க்கும் நர்ஸ், ஓய்வுபெற்ற தபால்காரர், அச்சகத்தில் பிழை திருத்தும் நான். ஒரு சமையல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆளுக்கொன்று செய்ய வேண்டும். சாப்பிட்டுவிட்டு உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது விதியைப் போட்டவர் அக்காதான். நான் செய்த முதல் கேக்கைக் கடித்துப் பார்த்துவிட்டு, "இத முட்டு குடுத்தா கதவு காத்துக்கு அடிக்காது" என்றார். எங்களில் கைப்பக்குவம் உள்ளவர் அவர் ஒருவர்தான், அதனால் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

எட்டு மாதங்களுக்கு முன் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. பத்தே நாளில் எழுந்து மெஷினில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் போன காய்ச்சல் ருசியையும் வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போயிருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில், கெட்டுப்போன கிரீமை முகர்ந்து பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்று கேக்கின் மேல் தடவினார். எங்களுக்குப் புரிந்துவிட்டது. திரும்பும் வழியில் மூவரும் பேசி முடிவு செய்தோம்: பாவம், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். அன்றிலிருந்து அக்கா எதை வைத்தாலும் பிரமாதம். பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கும் நானும் அதையே சொன்னேன்.

போன மாதம், கடையோடு சேர்ந்த அக்காவின் வீட்டில் கூடும் முறை; புத்தகம் எடுப்பதும் அவர்தான். துணி வெட்டும் மேசையைத் துடைத்து, சாக்கட்டிக் கோடு தெரியாமல் விரிப்புப் போட்டிருந்தார். எல்லாவற்றையும் கிராம் கணக்கில் சொல்லும் புத்தகமாகப் பார்த்து எடுத்திருந்தார். பூசணிக்காய் சூப். பூசணி ஒரு கிலோ, வெங்காயம் இருநூறு கிராம், வெண்ணெய் முப்பது. தராசில் வைத்து வைத்துப் போட்டுக்கொண்டே வந்தவர் கடைசி வரியில் நின்றுவிட்டார். "உப்பு: தேவையான அளவு."

நான் பக்கத்தில் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தேன். என்னிடம் ஒரு வாய் கொடுத்துக் கேட்டிருக்கலாம். கேட்டால் விஷயம் வெளியே வரும், வந்தால் "நீங்க உக்காருங்கக்கா, நாங்க பாத்துக்கிறோம்" என்று அவரை அடுப்படியிலிருந்தே கிளப்பிவிடுவோம் என்ற பயம் அவருக்கு. சாப்பாட்டில் ஒரு சுகமும் இல்லாதவருக்குச் சமைப்பது ஒன்றுதான் மிச்சம். ஒரு கை உப்பைப் போட்டார். பாத்திரத்தைப் பார்த்தார். இன்னும் அரைக் கை போட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

முதல் கரண்டியிலேயே தொண்டையைப் பிடித்தது. கடல் தண்ணீர் தேவலை.

"பிரமாதம்க்கா," என்றேன்.

நர்ஸ் தலையை ஆட்டினாள். தபால்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், "எனக்கு இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்று கிண்ணத்தை நீட்டினார். நர்ஸ் சட்டென்று அந்தக் கிண்ணத்தைப் பிடுங்கினாள்.

"உங்களுக்கு பிரஷர் இருக்கு, இவ்ளோ உப்பு ஆகாது!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அக்கா கரண்டியைக் கீழே வைத்தார்.

"எவ்ளோ நாளா தெரியும்?"

"ஆறு மாசமா," என்றேன்.

"எனக்குத்தான் நாக்கு செத்துப்போச்சு. உங்க மூணு பேருக்கும் நாக்கு இருக்குல்ல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அதையே என் ருசியா வச்சு சமைச்சிருப்பேனே."

"உன் மனசு கஷ்டப்படுமேன்னுதாம்மா," என்றார் தபால்காரர்.

"கஷ்டம் என்னோடது. அத நீங்க ஏன் எடுத்து ஒளிச்சு வைக்கணும்?"

எனக்கு அவமானமாக இருந்தது. அக்கா விடவில்லை, ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"போன தடவை நான் செஞ்ச உருளைக்கிழங்கு?"

"உப்பே இல்லக்கா."

"அதுக்கு முந்தி, கோழி?"

"அடிப்பிடிச்சிருந்துச்சு."

அக்காவின் குரல் இறங்கியது. "காய்ச்சலுக்கு முன்னாடி நல்லா இருக்குன்னு சொல்லுவீங்களே. அது?"

"அது சத்தியமா நெசம்க்கா," என்றேன். அதைப்போல மனதாரச் சொன்ன வார்த்தை என் வாழ்நாளில் வேறு இல்லை.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் முன்னாடி சூப் பிரமாதம்னு சொன்னியே," என்றார், "அப்பவும் உன் மூஞ்சி இப்படித்தான் இருந்துச்சு."