தரங்கம்பாடிக்குப் போன கர்நாடக வண்டி

பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு வயிற்றைக் கலக்கும். பெங்களூர் ஆஸ்டின் டவுன் தியோடருக்குப் பயம் வந்தால் கன்னடம் வரும்.

கேட்டால் சிரிப்பு வரும், வராமல் என்ன செய்யும்? வீட்டிலும் மாதா கோயிலிலும் தமிழைத் தவிர வேறு பேசாதவன் அவன். ஓசூர் செக்போஸ்ட்டில் ஒரு தமிழ்நாட்டுப் போலீஸ்காரர் கையைக் காட்டிவிட்டால் போதும், "தப்பாய்த்து சார், பிட்பிடி சார்" என்று, தப்பாகிவிட்டது விட்டுவிடுங்கள் என்பதைக் கன்னடத்தில் கெஞ்ச ஆரம்பித்துவிடுவான். எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனிகளுக்கு அவனோடு வண்டி ஓட்டும் டெரிக், இதை டீக்கடையில் நடித்தே காட்டுவான். தியோடரும் கூடவே சிரித்துவைப்பான். காரணத்தை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

காரணம் பழசு. அவனுக்கு எட்டு வயதிருக்கும்போது காவிரித் தகராறில் ஊர் பற்றிக்கொண்டது. அம்மா அல்போன்சா அவனைக் கட்டிலுக்கடியில் தள்ளி, "யாராவது கேட்டா கன்னடத்துலயே பேசு. தமிழ் வாயில வந்துச்சு, செத்தோம்" என்றாள். பெற்ற தாயே சொன்னால் பிள்ளை நம்பாமல் என்ன செய்யும்? தெருவில் சைக்கிள் செயினோடு ஆட்கள் வந்தார்கள். எதிர்வீட்டுக் கோவிந்தப்பா, அவர் கன்னடக்காரர், இவர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்று "நம்மவரு, இவரெல்லா நம்மவரு" என்று கத்தினார். நம்முடையவர்கள் என்று அவர் சொன்ன அந்தப் பொய்யால்தான் கதவு உடையாமல் பிழைத்தது. கட்டிலுக்கடியில் கிடந்த பையனின் நாக்கு மட்டும் அன்றைக்குக் கற்றதை மறக்கவே இல்லை.

பையன் வளர்ந்தான், வண்டி வாங்கினான். கல்யாணம் கூடிவரவில்லை. வீட்டில் அவனும் அம்மாவும்தான். எந்த ஊருக்கு சவாரி போனாலும் அம்மாவுக்கு ஒரு போன் போட்டுவிடுவான். அவள் எடுத்ததும் "சாப்ட்டியா ராசா?" என்பாள். அந்த ஒரு வார்த்தை காதில் விழுந்த பிறகுதான் அவனுக்குச் சோறு இறங்கும். கோவிந்தப்பா போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். எதிர்வீடு பூட்டிக் கிடக்கிறது.

இந்தச் சமயத்தில்தான் ரங்கா வந்து சேர்ந்தார். கர்நாடகப் பொதுப்பணித் துறையில் இருந்து ரிட்டயரானவர். மனைவி ஸ்வர்ணா டீச்சராக இருந்தவர். ரங்காவுக்குக் கோட்டைப் பைத்தியம். மாமல்லபுரத்தில் தொடங்கிக் கடலை விடாமல் தரங்கம்பாடி வரைக்கும் ஒவ்வொரு கோட்டையாகப் பார்க்க வேண்டும் என்று தியோடரின் வண்டியைப் பிடித்தார்.

பயணம் நன்றாகத்தான் போனது. சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கல்லறைகளை ரங்கா தடவித் தடவிப் பார்த்தார். ஆலம்பரையில் இடிந்த கோட்டைச் சுவருக்கு அந்தப்பக்கம் கழிமுகம் வெயிலில் தகதகவென்று கிடந்தது. கடலே இல்லாத ஊர்க்காரனான தியோடரும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி நின்றான். அப்போதுதான் மொபைலில் சேதி வந்தது. காவிரித் தண்ணீர் விவகாரம் மறுபடி முற்றிவிட்டது. பெங்களூரில் கலாட்டா. இங்கேயும் கர்நாடக வண்டிகளை மறிக்கிறார்களாம்.

உடனே அம்மாவைக் கூப்பிட்டான்.

"கதவ சாத்திட்டுத்தான் ஒக்காந்திருக்கேன். நம்ம தெருவுல ஒண்ணுமில்ல. நீ சாப்ட்டியா ராசா?"

"சாப்ட்டேம்மா" என்று பொய் சொன்னான்.

"சார், திரும்பிடலாம் சார். நம்பர் பிளேட்டு கர்நாடகா" என்றான் ரங்காவிடம்.

"நாமளே தமிழ்க்காரா. நம்மள யாருப்பா என்ன பண்ணுவா? தரங்கம்பாடிய பாக்காம நான் திரும்பறதா இல்ல."

வீரமெல்லாம் பின்சீட்டில் உட்கார்ந்து பேசுகிறவருக்கு. ஸ்டீரிங் இவன் கையில் அல்லவா இருக்கிறது! திரும்பிப் போனால் பெங்களூர், மேலே போனால் இது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. வண்டியை எடுத்தான்.

கடலூர் தாண்டியதிலிருந்து அவன் உதடு அசைந்துகொண்டே இருந்தது. "அண்ணே, நாங்க தமிழ்தான். பெங்களூர்ல இருக்கோம். அண்ணே, நாங்க தமிழ்தான்."

"என்னப்பா முணுமுணுக்கறே, ஜபமா?" என்று பின்னாலிருந்து கேட்டார் ஸ்வர்ணா.

யாரிடமும் சொல்லாததை அன்றைக்குச் சொன்னான். பயம் அவ்வளவு. "பயந்துட்டா எனக்குத் தமிழ் வராதும்மா. கன்னடந்தான் வரும்." கட்டிலையும் சொன்னான், கோவிந்தப்பாவையும் சொன்னான். ரங்கா சிரித்தார். ஸ்வர்ணா சிரிக்கவில்லை.

கொள்ளிடத்துப் பாலத்தில் ஏறியபோது கீழே ஒரே மணல். ஆடுகள் ஆற்றின் நடுவே நடந்து போயின. தண்ணீருக்காகக் காத்துக் கிடப்பவன் வயிறெரிய மாட்டானா என்று அவனுக்கே தோன்றியது. அது அவன் பயத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

அதற்கப்புறம் வந்த ஒரு முச்சந்தியில் டயர் எரிந்துகொண்டிருந்தது. சாலைக்குக் குறுக்கே பெஞ்சு. கையில் கழியோடு இளைஞர்கள். ஒருவன் நம்பர் பிளேட்டைப் பார்த்து விசிலடித்தான். அவ்வளவுதான், வண்டியைச் சுற்றிக்கொண்டார்கள். சிவப்புத் துண்டு கட்டிய ஒருவன் கண்ணாடியைக் கழியால் தட்டினான்.

"எறங்குடா. எந்த ஊரு?"

தியோடர் வாயைத் திறந்தான். வழியெல்லாம் உருப்போட்ட வாக்கியம் ஒன்றுகூட அங்கே இல்லை.

"ஏனூ மாடபேடி அண்ணா..."

ஒன்றும் செய்யாதீர்கள் என்றுதான் கெஞ்சினான். வெளியே கூச்சல் எழுந்தது. கதவு திறந்தது, ஒரு கை அவன் சட்டையைப் பிடித்தது.

"பெருசு, நீங்க தமிழா?" என்று உள்ளே குனிந்து கேட்டான் துண்டுக்காரன். ரங்கா தலையை மட்டும் ஆட்டினார். கோட்டை கோட்டையாகப் பேசியவர் வாயில் கொழுக்கட்டை. "அப்ப நீங்க ஒக்காருங்க. இவன் மட்டும் எறங்கட்டும்."

தியோடருக்கு ஒரே ஒரு தமிழ் வார்த்தை வந்தால் போதும். வரவில்லை.

அப்போது ஸ்வர்ணா இறங்கினார். முழங்கால் வலிக்காரர், கதவைப் பிடித்துப் பிடித்து இறங்கிவந்து, டிரைவர் கதவை அடைத்துக்கொண்டு நின்றார்.

"கைய எடுப்பா. இவன் எங்க பிள்ளை."

"ஒங்க புள்ளையா? கன்னடம் பேசறான்?"

"பெங்களூர்ல வளந்தவன். பயந்தா அவனுக்கு அதுதான் வரும். நீ மெரட்டினா தமிழா வரும்?"

துண்டுக்காரன் ரங்காவின் நெற்றி நாமத்தைப் பார்த்துவிட்டு, முன்கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையைக் கழியால் தொட்டான். "ஒங்க புள்ளைன்னா இது என்ன?"

"அவனோட வேண்டுதல். வேளாங்கண்ணி மாதாவ என்ன கிறிஸ்தவாளுக்கு மட்டும் எழுதிவெச்சிருக்கா?" ஸ்வர்ணாவின் குரல் நடுங்கியது, ஆனாலும் நிற்கவில்லை. "ஒங்களுக்குத் தண்ணி இல்லேங்கறது நியாயம். ஆத்த பாத்துண்டுதான் வரேன். அதுக்கு என் பிள்ளைய அடிச்சா தண்ணி வந்துடுமா?"

கூட்டத்தில் இருந்த ஒரு பெரியவர், "உடுங்கடா, அம்மாதான் சொல்லுதுல்ல" என்றார். பிடித்த கை தளர்ந்தது. பெஞ்சு நகர்ந்தது.

வெகுதூரம் போன பிறகு, "தேங்க்ஸ்மா" என்றான் தியோடர். அடுத்தாற்போல "தண்ணி குடிக்கறீங்களா?" என்று கேட்டான். தமிழ் திரும்பி வந்துவிட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களின் கோட்டை கடலைப் பார்த்தபடி மஞ்சளாக நின்றது. கால் தரையில் பட்டதும் ரங்காவுக்கு வாய் வந்துவிட்டது. டேனிஷ்காரர்கள் கப்பலில் வந்த கதையை மனைவிக்குச் சொல்லிக்கொண்டே போனார். தியோடர் கடலோரக் கல்லில் உட்கார்ந்தான். சுற்றிலும் பிள்ளைகுட்டிகளோடு வந்த ஜனங்கள், எங்கு திரும்பினாலும் தமிழ். தப்பித்துவிட்டேன் என்று சொல்ல அம்மாவுக்குப் போன் போட்டான்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தாள்.

"ஊட்ட ஆய்த்தா, மகனே?"

சாப்பிட்டாயா என்ற அதே கேள்விதான். அவனிடம் போனில் ஒருநாளும் கன்னடம் பேசாத அம்மா. குரலுக்குப் பின்னால் வேறு குரல்கள், ஆண் குரல்கள். கதவு திறந்திருக்கிறது.

"அல்லே இரு. பரபேடா" என்றாள். அங்கேயே இரு, வராதே.

கோவிந்தப்பாவைப் போல வாசலை அடைத்து நிற்க இப்போது அங்கே யாரும் இல்லை. தியோடர் சுற்றுமுற்றும் பார்த்தான். பக்கத்துக் கல்லில் ஒரு குடும்பம் சுண்டல் தின்றுகொண்டிருந்தது. அவர்கள் காதில் விழாதபடி வாயைக் கையால் பொத்திக்கொண்டு, அம்மாவுக்குக் கன்னடத்திலேயே பதில் சொன்னான்.

"ஆய்த்து அம்மா."