விசாகப்பட்டினத்துச் சிப்பிகளும் கோவிந்தராஜன் சித்தப்பாவும்

முட்டை சேர்த்த கேக்கைக்கூட வாசலுக்குள் விடாத பவானிபூர்த் தமிழ்க் குடும்பத்தில் பிறந்துவிட்டு, சிப்பியை வைத்து டாக்டர் பட்டம் வாங்கக் கிளம்பியவள் நான். அந்தச் சிப்பி வளரும் பாறைக்கரை கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் எங்கும் கிடையாது. இந்த மதுவின் புத்தியே அப்படித்தான் என்று அம்மா என்னைச் சொல்வாள், சரியாகத்தான் சொல்வாள்.

முத்துச் சிப்பியை நினைத்துக்கொள்ள வேண்டாம். அலை ஏறி இறங்கும் பாறைகளில் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்தச் சிப்பி. கண்ணுக்குத் தெரியாத சில நுண்ணுயிர்கள் அதன் ஓட்டைக் குடைந்து உள்ளே குடித்தனம் நடத்தும். நாளாக ஆக ஓடு வெளுத்து, சொரசொரத்து, குழி விழுந்து, கடைசியில் பொத்துப் போகும். எந்தக் கரையில் இந்தத் தொல்லை அதிகம், எங்கே குறைவு, ஏன் என்பதுதான் என் ஆராய்ச்சி.

உருப்படியாக ஆராய்ச்சி செய்கிறவள் கிழக்குக் கரை முழுக்கத் தானே போய்ப் பாறையில் ஏறியிருப்பாள். எனக்கோ மீன் வாடை பட்டாலே குமட்டும். கல்யாணமாகாத பெண் மீன்பிடித் துறைமுகத்தில் என்ன சுற்றுவது என்று அப்பா தடை போட்டபோது, ஒப்புக்கு ஒருநாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேனே தவிர, உள்ளுக்குள் பரம சந்தோஷம். அப்பா வைத்தியநாதனும் சரி, அவரைச் சேர்ந்தவர்களும் சரி, எல்லோரும் பாங்க் ஆபீசர்கள். மாற்றல் வாங்கி வாங்கிக் கரை நெடுகப் பரவியிருந்தார்கள். விசாகப்பட்டினத்தில் அப்பாவின் தம்பி கோவிந்தராஜன் சித்தப்பா, சென்னையில் சந்தானம் மாமா. எஸ்.டி.டி. பூத்திலிருந்து இருவரையும் கூப்பிட்டு, "மீன் பிடிக்கறவாகிட்ட சொல்லி, பாறையில ஒரு ஜாண் இடத்துல இருக்கறது அத்தனையும் எடுத்து, ஓட்டைக் காயவச்சு அனுப்புங்கோ" என்று சொல்லிவிட்டு, பார்சலுக்குக் காத்திருந்தேன். விசாகப்பட்டினத்துக்கும் வடக்கே, சொந்தக்காரர் யாரும் வாய்க்காத கோபால்பூரில் மட்டும் ஒரு மீனவரே நான் சொன்னபடி எடுத்து அனுப்பினார்.

கோபால்பூர்ச் சிப்பிகள் சல்லடையாக வந்தன. விசாகப்பட்டினமும் சென்னையும் பளபளவென்று வந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. தெற்கே போகப் போகக் குடைச்சல் குறைகிறது! கடல்நீரின் சூடு, உப்பு, ஆறுகள் கொண்டுவரும் வண்டல் என்று காரணங்களை அடுக்கி ஒரு முழு அத்தியாயம் எழுதித் தள்ளினேன். எழுதும்போது என் அறிவைப் பார்த்து எனக்கே பிரமிப்பாக இருந்தது.

2002 டிசம்பரில், ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு முந்தைய கருத்தரங்கம். அதில் தேறினால் மார்ச்சில் பட்டம். எங்கள் பேட்டைக் கல்லூரி ஒன்றில் லெக்சரர் வேலை அதுவரைதான் காத்திருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு பூணூல் கல்யாணத்துக்காக ஊருக்கு வந்திருந்த சித்தப்பா, நானும் வருவேன் என்று அடம்பிடித்து, குரங்குக் குல்லாயோடு முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

"விசாகப்பட்டினத்தில் துளைப்பு ஏறக்குறைய இல்லை" என்று நான் இங்கிலீஷில் சொல்லித் திரையைக் காட்டியதும் அவர் எழுந்தார்.

"எப்படிடி இருக்கும்? ஓட்டை விழுந்தது, சொரசொரப்பா இருந்தது ஒண்ணையும் நான் அனுப்பலையே! கத்திரிக்காய் பொறுக்கற மாதிரி ஒவ்வொண்ணா திருப்பிப் பாத்துன்னா அனுப்பினேன்! கொழந்தை படிப்புக்குப் போறது, சொத்தையை அனுப்பிடாதேடான்னு சந்தானத்துக்கும் ஃபோன் பண்ணிச் சொன்னேன். சொல்லேன் இவாகிட்ட!"

அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டே பேர். என் வழிகாட்டி மித்ரா மேடம் புன்னகைத்தார். வெளியிலிருந்து வந்திருந்த பரிசோதகர் சான்யால் மூக்குக்கண்ணாடியை இறக்கி, "காக்கு என்ன சொல்கிறார்?" என்று பெங்காலியில் கேட்டார். காக்கு என்றால் சித்தப்பா.

பெருமையாக இருக்கிறதாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. வேலை என் கையில். சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தாலே எவரும் நம்பியிருப்பார்கள். வாயைத் திறந்தேன். எனக்குப் பின்னால் திரையில் என் வரைபடம். எங்கள் சொந்தபந்தம் எங்கெங்கே குடியிருக்கிறது என்பதைத்தான் அவ்வளவு பாடுபட்டு வரைந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. சித்தப்பா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் பெங்காலியில் சொன்னேன், கத்திரிக்காய் உட்பட.

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார், பிறகு அறையே சிரித்தது. சான்யால் மட்டும் சிரிக்கவில்லை. அந்த அத்தியாயத்தைத் தூக்கிப் போடு, நீயே போய்ப் பாறையில் இறங்கி மறுபடி எடு என்று கனிவாகவே சொன்னார். ஒரு வருஷம் போயிற்று என்று அர்த்தம். வேலையும் போயிற்று.

எல்லோரும் சிரித்ததைப் பார்த்து, பெங்காலி தெரியாத சித்தப்பாவும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். "என்னடி சொன்னார் அந்தப் பெரியவர்?"

"இன்னும் நெறைய சிப்பி வேணுமாம், சித்தப்பா."

"பாத்தியா! நன்னா இருந்ததோ இல்லியோ, அதான் மேலும் கேக்கறார்." குல்லாய்க்குள் அவர் முகம் விகசித்தது. பல்கலைக்கழகத்துக்கு வெளியே ஜாதவ்பூர் முனையில் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி அவரை ஏற்றினேன். வழியெல்லாம் என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "அண்ணாகிட்ட இதை நான்தான் சொல்லுவேன். நீ வாயைத் திறக்கப்படாது, ஆமாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

நான் திறக்கவில்லை.