பொழியூரில் ஒரு வெல்ஷ் வினைச்சொல்

தமிழக எல்லையை ஒட்டிக் கேரளத்தில் இருக்கும் பொழியூர்க் கடற்கரையைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. போன வருடம் ஜூனில் ஒரு வியாழக்கிழமை கிளம்பிவிட்டேன். என்னோடு நர்சிங் படித்த ஷைனியின் வீடு அங்கேதான் என்பதால் சாப்பாட்டுக் கவலை இல்லை (என்று நினைத்தேன்).

நாகர்கோவிலிலிருந்து பாறசாலைக்குப் பாசஞ்சர் ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், டிக்கெட் பத்து ரூபாய். அங்கிருந்து ஆட்டோவில் பத்து கிலோமீட்டர், இருநூற்று ஐம்பது. “ஷைனி சிஸ்டர் வீடா? கடலு மதிலு வரைக்கும் வந்தாச்சு, கேட்டியளா” என்றார் டிரைவர், வருத்தமாக.

பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஷைனி கையில் ஒரு தாளோடு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மதியம் இரண்டரைக்கு வேல்ஸில் ஒரு முதியோர் இல்லத்துக்கு வீடியோ நேர்காணல். ஏற்கெனவே இரண்டு இடங்களில் வேலை நழுவிவிட்டது. இது கிடைத்தால்தான் கடலைவிட்டுத் தள்ளி ஒரு மனை வாங்க முடியும். அந்த இல்லத்தில் சில முதியவர்களுக்கு இப்போது ஆங்கிலம் மறந்துபோய், அந்நாட்டுத் தாய்மொழியான வெல்ஷ் மட்டும்தான் நினைவிருக்கிறதாம். அதனால் ஒரே ஒரு வினைச்சொல்லைப் பிடித்து வைத்திருந்தாள்: ‘புய்ட்டா’, அதாவது சாப்பிடுவது.

“நம்ம தமிழு மாதிரியாக்கும் மக்கா. ஆளு மாறினா வாலும் மாறும்” என்றாள். நான் சாப்பிட்டேன், ‘புய்ட்டேஸ் ஈ’. அவள் சாப்பிட்டாள், ‘புய்ட்டோத் ஹீ’. சாப்பிட்டீர்களா என்று கேட்டால் முதலெழுத்தும் மாறி ‘வுய்ட்டோக் கீ?’ அந்தக் ‘க்’கைத் தொண்டையிலிருந்து காறிச் சொல்ல வேண்டும். இரண்டரை வரை தாளைப் பிடித்துக்கொண்டு நான் கேட்க, அவள் சொல்ல, இதே வேலைதான்.

திரையில் மேலாளர் அம்மா வந்தார். தட்டைத் தள்ளிவிடும் ஒரு மூதாட்டியை எப்படிச் சமாளிப்பாய் என்று கேட்டார். மனப்பாடம் செய்த ஆங்கிலம் பாதியில் நின்றது. இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு மொழி தடுக்கினால் நாக்கு தானாக மலையாளத்துக்குத் தாவிவிடும். இரண்டு வரி மலையாளம் பேசிய பிறகுதான் ஷைனிக்கே உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது.

பிறகு, அந்த மூதாட்டியே எதிரில் இருப்பதுபோல், மெதுவாகக் கேட்டாள்: “வுய்ட்டோக் கீ?”

அங்கே காலை பத்து மணி. “நான் இன்னும் சாப்பிடவில்லை. நீ?” என்றார் மேலாளர், ஆங்கிலத்தில்.

ஷைனி என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அய்யோ மக்கா! காலத்த வந்தவளுக்கு ஒரு வாய் சோறு தரல்லியே!” என்று தமிழில் அலறினாள். மேலாளருக்கு எப்படியோ புரிந்துவிட்டது. “முதலில் உன் தோழிக்குப் போடு. நானும் சாப்பிட்டுவிட்டு அரைமணியில் கூப்பிடுகிறேன்” என்று சிரித்தார்.

மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் ஆறிப்போயிருந்தன. அள்ளி அள்ளித் தின்றோம். சொன்னபடியே மேலாளர் கூப்பிட்டு வேலையை உறுதிசெய்தார். ஷைனி அழுதாள், நானும்தான்.

போகிறவர்களுக்கு: திரும்பும் பஸ் நேரத்தை முதலிலேயே கேட்டு வையுங்கள். ஜூனில் அலை பொல்லாதது, தண்ணீரில் இறங்க வேண்டாம்.

ஷைனி இப்போது வேல்ஸில் இருக்கிறாள். தினமும் அவளிடமிருந்து அதே கேள்வி வரும். ‘புய்ட்டேஸ் ஈ’ என்று பதில் போடுவேன். அங்கே அவளுக்குச் சோறு போட யாரும் இல்லை. அதனால் திருப்பிக் கேட்க நான் மறப்பதே இல்லை.