முகப்புப் பக்கத்து இஸ்திரி அக்கா

இஸ்திரி அக்காவைப் பற்றி நான் எழுதுவது இது இரண்டாம் தடவை. முதல் தடவை எழுதியது பதினாறு வரி. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. இந்தத் தடவை எழுதி முடித்ததும் அக்காவிடமே நீட்டினேன். படித்துவிட்டு இரண்டு இடத்தை அடித்துத் திருப்பிக் கொடுத்தார். அந்த இரண்டும் இதில் இல்லை.

அக்கா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவர். இருபத்தேழு வருஷம். படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர்களின் வெள்ளைக் கோட்டு. எந்தத் துணி எந்த வார்டுக்கு என்று ஓரத்தில் எழுதியிருக்கும். அக்கா எழுத்துப் பக்கமே போகமாட்டார். ஓரத் தையலின் நூல் நிறத்தைப் பார்ப்பார். பச்சை என்றால் பிரசவ வார்டு, நீலம் என்றால் எலும்பு முறிவு. அவர் கையில் ஒரு துணிகூட இடம் மாறிப் போனதில்லை. படித்தவர்கள்தான் மாற்றி அனுப்பித் திட்டு வாங்கினார்கள் என்று சொல்லும்போது அக்கா முகத்தில் கொஞ்சம் கொழுப்புத் தெரியும். தெரியட்டுமே, என்ன தப்பு.

ஒரே மகள். தூரத்து ஊரில் ஓர் அலுவலகத்தில் வேலை. தன் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது அந்த மகளுக்கே தெரியாது. நம்ப முடியவில்லை அல்லவா, எனக்கும் அப்படித்தான் இருந்தது. வீட்டுக்காரர் இருந்தவரை பள்ளிக்கூடத் தாளெல்லாம் அவர் கைக்குப் போனது. பிள்ளை பாடம் படிக்க உட்கார்ந்தால் அக்காவுக்கு அடுப்படியில் திடீரென்று வேலை முளைக்கும். மகள் வெளியூர் போனபின் போனில் செய்தி செய்தியாக எழுதினாள். ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டர் பெண்தான் படித்துக் காட்டுவாள். அக்கா பேசிப் பதிவு செய்து பதில் அனுப்புவார். ஏன் எழுதுவதில்லை என்று மகள் கேட்டபோது கண் சரியில்லை என்று ஒரு போடு போட்டார். மகள் மூன்று கண்ணாடி வாங்கி அனுப்பினாள். மூன்றையும் போட்டுப் பார்த்ததில் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

எங்கள் வகுப்பு நூலகத்தின் மாடியில் நடக்கிறது. பெரியவர்களுக்கு மட்டும், வாரத்தில் மூன்று மாலை. ஐம்பத்திரண்டு வயதில் அக்கா அங்கே படியேறி வந்ததற்கு ஒரே காரணம்தான். யாருக்கும் மூச்சு விடாமல் கற்றுக்கொள்ள வேண்டும். ஒருநாள் தன் கையாலேயே மகளுக்கு எழுதி அனுப்பிவிட வேண்டும். தெரியாது என்ற சங்கதி மகள் காதுக்கு எட்டுவதற்குள் தெரிந்துவிட வேண்டும். கேட்டிருந்தால் என்னிடமும் சொல்லியிருப்பார். நான் எங்கே கேட்டேன்.

நான் பாடம் எடுப்பதில்லை. பகலில் அச்சகத்தில் வேலை. மிச்ச நேரத்தில் வகுப்பின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். அதனால் எல்லோருக்கும் நான் கம்ப்யூட்டர் டீச்சர். தளத்துக்கு நல்ல முகப்பு வேண்டும் என்று நிர்வாகிகள் சொன்னதும், மற்ற எழுத்தறிவு வகுப்புகள் என்ன செய்திருக்கின்றன என்று முப்பது தளங்களைத் துருவினேன். எல்லாம் ஒரே மாதிரி. குனிந்த தலை, வரிமேல் விரல், பக்கத்தில் சிரிக்கும் ஆசிரியை. கீழே இருட்டு, வெளிச்சம், கண்ணீர், நன்றி. படிக்கத் தெரிந்தவர்கள் படித்துப் பரிதாபப்படுவதற்கென்றே எழுதியவை. யாரைப் பற்றி எழுதியிருக்கிறதோ அவர் ஒருநாள் படிப்பார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு மட்டும் தோன்றியதா? நானும் அதே அச்சில் வார்த்தேன். ஐம்பத்திரண்டு வருஷ இருட்டு என்றேன். பெற்ற மகளின் செய்தியைக்கூட அடுத்தவர் வாய் வழியாகக் கேட்கும் அவலம் என்றேன். அந்தச் சங்கதி எனக்கு மருந்துக் கவுண்டர் பெண் சொல்லித் தெரியும். படமும் பெரிதாக, அக்காவின் முகம் பளிச்சென்று.

அனுமதி வாங்கினோமா என்றால், வாங்கினோம். அதில்தான் வேடிக்கை. பொடி எழுத்தில் பதினோரு வரி ஒப்புதல் படிவம். அக்கா சேர்ந்து மூன்றாவது வாரம், கையெழுத்து மட்டும் பழகியிருந்தார். படிவத்தை நீட்டினேன். வாழ்க்கையில் முதல்முறையாகக் கைநாட்டு இல்லாமல் ஒரு தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு அழகாகப் போட்டுவிட்டு, இன்னொரு தாள் இருந்தால் கொடுங்கள், அதிலும் போடுகிறேன் என்றார். எல்லோரும் கைதட்டினோம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. படிக்கத் தெரியாதவர்களுக்காக வகுப்பு நடத்துகிறவர்கள் நாங்கள்.

ஐந்து மாதம் கழித்து ஒரு மாலை அக்கா போனும் கையுமாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். புத்தகத்தில் இருப்பது சலித்துவிட்டதாம், நம் வகுப்பின் பக்கத்தைப் படித்துப் பார்க்கப் போகிறாராம். என்ன சொல்லித் தடுப்பது? படத்தைப் பார்த்துச் சிரித்தார். பிறகு விரலை வைத்து, எழுத்து எழுத்தாக, சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். நான் எழுதியதை நானே கேட்க வேண்டியதாயிற்று. ‘அவலம்’ என்ற சொல்லில் நின்று அர்த்தம் கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு சத்தம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

“டீச்சர், அன்னிக்கு நான் கையெழுத்துப் போட்டது இதுக்கா?”

ஆமாம் என்றேன். அக்கா கோபப்படவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

“அதுல என்ன இருக்குன்னு யாரும் எனக்குப் படிச்சுச் சொல்லலியே. படிக்கத் தெரியாதுன்னுதானே இங்க வந்தேன்.”

அங்கேயே, அவர் கண்முன்னால் பக்கத்தைத் தளத்திலிருந்து எடுத்தேன். அப்போதுதான் மகள் விஷயம் முழுவதையும் சொன்னார். அவருக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று: இதை அவள் பார்த்திருந்தால்? ஐந்து மாதமாக அதை ஊர் முழுக்கப் பகிர்ந்தவள் நான். அப்படிப் பார்த்திருந்தால் ஏதாவது கேட்டிருப்பாளே என்று, மகளின் பழைய செய்திகளை இரண்டு பேரும் தேடிப் பார்த்தோம்.

போன வருஷத்துச் செய்திகள் ஒவ்வொன்றும் ஒரு முழம். மூச்சு விடாமல், நிறுத்தற்குறி இல்லாமல், அலுவலகக் கதையும் வம்புமாக. அப்படியே மேலிருந்து கீழே வந்தோம். ஒரு வாரத்தில் சட்டென்று மாறியிருந்தது. ‘அம்மா. நான் நலம். இங்கே மழை. நீ வா.’ சின்னச் சின்னச் சொல். நடுவில் நிறைய இடம். அதற்குப் பிறகு எல்லாமே அப்படித்தான். ‘அம்மா. பால் வாங்கு. கால் வலி போனதா.’ எங்கள் முதல் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே. கொஞ்ச நாளாக இவற்றை அக்கா தானே படித்துக்கொண்டிருந்தார்.

தேதியைப் பார்த்தேன். நான் பக்கத்தைப் போட்ட வாரம். அக்காவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று நான் முழித்துக்கொண்டிருக்க, அவரே போனை மடியில் வைத்துவிட்டார்.

“எனக்கு நல்லாப் படிக்க வந்துடுச்சுன்னு நினைச்சேன் டீச்சர். அவ எனக்காக எழுதியிருக்கா.”

அழுதார். நானும்தான். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒற்றை விரலால் எழுத ஆரம்பித்தார். உதவி வேண்டுமா என்று கேட்டதற்கு நிமிர்ந்து பார்க்கவில்லை. கால் மணி நேரம் ஆயிற்று. அனுப்புவதற்கு முன் எனக்குக் காட்டினார்: ‘நீ பழையபடி நீளமா எழுது. நான் மெதுவா படிச்சிக்கிறேன்.’

அடுத்த வகுப்புக்கு அக்கா வந்தபோது பதில் வந்திருந்தது. திரையை நாலு தடவை தள்ள வேண்டிய நீளம். பாடத்தைக் கவனிக்காமல் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, உதடு அசைய அசைய, வகுப்பு முடிகிறவரை அதையே படித்தார். நடுவில் ஒருமுறை சிரித்தார். ஆசிரியைக்குப் பொறுக்கவில்லை, மகள் என்னதான் எழுதியிருக்கிறாள் என்று கேட்டுவிட்டார்.

“அது எங்க ரெண்டு பேருக்குள்ள” என்றார் அக்கா.