வெள்ளைக் கோடு போட்ட ரோடு

ஜைனபின் வண்டிக்கு வாய் அதிகம். எலக்ட்ரிக் கார், இன்ஜின் சத்தம் கிடையாது, புகை கிடையாது, வீட்டுக் கரண்டைக் குடித்துவிட்டுச் சமர்த்தாக வாசலில் நிற்கும். ஆனால் ஏறி உட்கார்ந்து மேலகரம் தாண்டுவதற்குள் பத்துத் தடவையாவது கத்திவிடும். முன்னால் மாடு வந்தால் ஒரு சத்தம், பக்கத்தில் பைக்குக்காரன் உரசிக்கொண்டு போனால் ஒரு சத்தம், அவள் கொட்டாவி விட்டால் காப்பிக் கோப்பைப் படம் போட்டு ஒரு சத்தம்.

"உனக்கு மாமியார் இல்லாத கொறைய இதுல்லா தீக்குது" என்பாள் மூக்கம்மாள். அடுத்த வீட்டுக்காரி, பால்வாடியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள், ஜைனபின் வண்டியில் ஓசிச் சவாரிக்கு முதல் ஆள். வண்டி கத்தும்போதெல்லாம், "யாருட்டி கூப்புடுதா?" என்று பின்னால் திரும்பிப் பார்ப்பாள். ஒரு வருஷமாகியும் அந்தப் பழக்கம் அவளை விடவில்லை.

வண்டியைத் தேர்ந்தெடுத்தது ஜைனப் இல்லை, அவள் கணவன் காஜா. தம்மாமில் ஓர் அரபி வீட்டில் இருபத்து மூன்று வருஷமாக டிரைவர். அங்கே அவன் ஓட்டுகிற வண்டி முன்னால் போகிற வண்டியைப் பார்த்துத் தானே வேகத்தைக் குறைக்கும், தானே கூட்டும், கோட்டுக்குள் தானே போகும். "ஸ்கேல் வச்சுக் கிழிச்ச மாதிரி ரோடு ஜைனபு. கைய எடுத்தாக்கூட வண்டி தானா வளையுது" என்று போனில் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவான்.

மகள் சஃப்ரினைச் சுரண்டையில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் ஜைனப் ஒற்றை ஆள். நாற்பத்து நாலு வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, மூன்றாம் தடவையில் லைசென்ஸ் வாங்கினாள். சந்தோஷப்பட வேண்டிய காஜா பயந்து போனான். இந்த ஊர் ரோட்டில் பெண்டாட்டி தனியாக வண்டி ஓட்டுவதை நினைத்தால் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. எலக்ட்ரிக் வண்டிகளிலேயே எதில் கேமராவும் ரேடாரும் அதிகமோ அதைத் தேடிப் பிடித்து, அங்கிருந்தபடியே ஏற்பாடு செய்து அனுப்பி வைத்தான்.

"நான் பக்கத்துல இருக்க முடியல. அது இருக்கட்டும்" என்றான்.

வண்டி வந்த சந்தோஷத்தைவிட இந்த ஒரு வார்த்தைதான் ஜைனபுக்குப் பெரிதாக இருந்தது. அவள் அதைப் பல நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

ஆனால் வண்டிக்குத் தம்மாம் தெரியும், தென்காசி தெரியாது. அந்தக் கேமரா ரோட்டில் கோட்டைத் தேடுகிறது. இந்த ஊரில் கோடு என்று ஒழுங்காக இருப்பது வாசல் கோலத்தில்தான். எங்காவது பழைய கோடு பாதி அழிந்து கிடந்தால் போதும், அதுதான் வழி என்று நம்பி ஸ்டியரிங்கை வெடுக்கென்று இழுக்கும். குற்றாலம் ரோட்டில் சீசன் நேரத்தில் கேட்கவே வேண்டாம். இடுப்பில் ஈரத் துண்டோடு நடு ரோட்டில் நடக்கிறவர்கள், ரம்புட்டான் விற்கிறவர்கள், குரங்குகள் என்று எது குறுக்கே வந்தாலும் வண்டி தானாகப் பிரேக் போட்டு நின்றுவிடும். பின்னால் வருகிறவன் ஜன்னலை இறக்கி வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுப் போவான். அந்த வசவெல்லாம் வண்டிக்குக் கேட்காது, ஜைனபுக்குத்தான் கேட்கும்.

தொல்லை தாங்காமல் இந்தச் சத்தம், பிரேக் எல்லாவற்றையும் அணைத்து வைத்தால், அடுத்த தடவை கிளப்பும்போது எல்லாம் பழையபடி உயிரோடு வந்து உட்கார்ந்திருக்கும். திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். லேப்டாப்பைச் சொருகிப் பார்த்த பையன், "வண்டி கரெக்ட்டாத்தான் இருக்கு மேடம். ரோடுதான் சரியில்ல. அடுத்த அப்டேட்ல எல்லாம் சரியாயிரும்" என்றான். அப்டேட் மூன்று தடவை வந்தது. மூன்றாவதற்குப் பிறகு அது குடையைப் பார்த்தும் பயப்படக் கற்றுக்கொண்டது.

காஜா மட்டும் நம்பிக்கையை விடவில்லை. "படிக்கிற புள்ள மாதிரிதான் அது. போகப் போகக் கத்துக்கிடும்" என்பான். அந்த நம்பிக்கை ஜைனபுக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. என்றைக்காவது ஒரு நாள் வண்டி வாயை மூடிக்கொண்டு ஓடும், பக்கத்துச் சீட்டில் அவன் உட்கார்ந்திருப்பான் என்று நினைத்துக்கொள்வாள்.

அந்தப் பக்கத்துச் சீட்டு ஆசைக்கு ஒரு கதை உண்டு. இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆனி மாதத்தில் அவர்களுக்கு நிக்காஹ் ஆனது. ஏழாம் நாள் இரண்டு பேரும் பஸ்ஸில் குற்றாலம் போய், சாரலில் நனைந்துகொண்டே ஐந்தருவி வரை நடந்தார்கள். குடை இருந்தும் காஜா விரிக்கவில்லை. அடுத்த வருஷமே விசா வந்துவிட்டது. அதன்பின் அவன் லீவில் வந்ததெல்லாம் மாசி, பங்குனியில்தான். கோடையில் அரபி குடும்பம் மலை ஊருக்குப் போகும், டிரைவரும் கூடப் போயாக வேண்டும். மாசியில் அருவி எங்கே இருக்கும்? வெறும் பாறையைப் பார்த்துவிட்டு, நேந்திரங்காய்ச் சிப்ஸ் வாங்கிக்கொண்டு திரும்பி வருவார்கள். சேர்ந்து வாழ்ந்த நாட்களைக் கூட்டினால் மூன்று வருஷம் தேறாது.

இந்த ஆடியோடு அவன் ஒப்பந்தம் முடிகிறது. "இந்தத் தடவ கேன்சல்ல வந்துருதேன்" என்று சொல்லியிருந்தான். கேன்சலில் வருவது என்றால் விசாவை முடித்துவிட்டு ஒரேயடியாக ஊருக்கு வருவது. ஜைனப் நாள் எண்ணத் தொடங்கினாள். காலமெல்லாம் யாரையாவது ஏற்றிக்கொண்டு போன அந்த மனுஷனை இடது பக்கம் உட்கார வைத்து, சாரலோடு சாரலாகத் தான் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்கு மேல் அவளுக்கு ஆசை எதுவும் இல்லை.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அது நடந்தது. மேலகரத்தில் ஓர் ஆடு குறுக்கே பாய, வண்டி அடித்த பிரேக்கில் பின் சீட்டுச் சாமான் எல்லாம் காலடிக்கு வந்துவிட்டது. வண்டியை ஓரம் கட்டி வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. காஜா.

"என்னாச்சு ஜைனபு? அடிகிடி பட்டுச்சா? செல்லுல செவப்பா வந்து நிக்கி, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல!"

வண்டி அவன் பேரில் இருந்ததால், கடைசி அப்டேட்டுக்குப் பிறகு, பலமாகப் பிரேக் அடிப்பது, கோட்டைத் தாண்டுவது போன்ற அதன் பெரிய கூச்சல்கள் மட்டும் கம்பெனி ஆப் வழியாக அவன் போனுக்கும் போகத் தொடங்கியிருந்தன. இது அவளுக்கு அன்றுதான் தெரியும். ஆனால் அவளை உலுக்கியது அது இல்லை. அவன் குரல். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கூப்பிடும்போது, "சுகமா, கேஸ் வந்துச்சா, சஃப்ரின் எப்படி இருக்கா, வச்சிரட்டுமா" என்று ஒப்பிக்கிற குரல் இல்லை அது. சஃப்ரின் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுத் திக்கித் திணறிப் பேசிய குரல். ஆட்டுக்குத் துவா செய்யலாம் போல இருந்தது அவளுக்கு.

அன்று அவர்கள் முக்கால் மணி நேரம் பேசினார்கள். வண்டியில் தொடங்கி, ஆட்டுக்குப் போய், அவன் பல்வலிக்குப் போய், அரபியம்மா கடைக்குள் போனால் வெளியே காருக்குள் நாலு மணி நேரம் அவன் உட்கார்ந்திருப்பது வரைக்கும் பேச்சு வந்தது. இத்தனை வருஷத்தில் இதை அவன் சொன்னதே இல்லை.

பத்து நாள் கழித்து வண்டி மறுபடி அதே போலச் சிவப்பாகக் கத்தியது. மறுபடி போன் வந்தது. அதற்குப் பிறகு பத்து நாள் சும்மா இருந்தது. போனும் சும்மா இருந்தது.

அதன்பின் ஜைனப் செய்தது தப்புதான், அதற்கு யாரும் வக்காலத்து வாங்க முடியாது. சுரண்டைக்கு ஆய்க்குடி வழியாகப் போய்க்கொண்டிருந்தவள், பாவூர்சத்திரம் சுற்றிப் போக ஆரம்பித்தாள். சுற்று வழிதான். ஆனால் பாவூர்சத்திரம் வரைக்கும் புது நாலு வழிச் சாலை, பால் ஊற்றினது போல வெள்ளைக் கோடு. இண்டிகேட்டர் போட்டுக் கோட்டைத் தாண்டினால் வண்டி பேசாமல் இருக்கும், போடாமல் தாண்டினால் அலறும். முன்னும் பின்னும் நன்றாகப் பார்த்து, ரோடு காலியாக இருக்கும்போது, பிஸ்மி சொல்லிக்கொண்டு, லேசாக ஸ்டியரிங்கைத் திருப்புவாள். வண்டி அலறும். கோட்டுக்குள் வந்து, ஓரமாக நிறுத்தி, போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். நாற்பத்தாறு வயதுக்காரிக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும்.

பெரும்பாலும் போன் வந்துவிடும். சில நாள் அவனால் கூப்பிட முடியாது. அன்றைக்கு இன்னொரு தடவை தாண்டிப் பார்ப்பாள்.

"ஏம்மா, நேர் ரோட்ட விட்டுட்டு இப்படிச் சுத்தி வாரிய?" என்று சஃப்ரின் கேட்டாள்.

"அந்த ரோடு நல்லாருக்குல்லா" என்றாள் ஜைனப். மகளின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

இரண்டு பேரும் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் போல ஆகிவிட்டார்கள். கண்ணாடியில் கேமரா இருக்கும் இடத்தைத் துடைத்தாயா என்று அவன் கேட்பான், துடைத்தேன் என்று இவள் சொல்வாள். என்ன குழம்பு என்பான். சொல்வாள். ஒரு நாள், "உன் சத்தத்தக் கேட்டா நல்லாருக்கு புள்ள" என்று சொல்லிவிட்டு, வெட்கப்பட்டவன் போலச் சட்டென்று போனை வைத்துவிட்டான். ஜைனப் அன்று சுரண்டைக்குப் போகவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்து சும்மா உட்கார்ந்திருந்தாள். ஆடி நெருங்க நெருங்கப் பொறுமை குறைந்தது. வாரம் ஒரு தடவை தாண்டிக்கொண்டிருந்தவள், ஆனி பிறந்ததும் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

ஆனி முடிகிற நேரம் சாரல் நன்றாகப் பிடித்துக்கொண்டது. மூக்கம்மாள் குளிக்கப் போக வேண்டும் என்று நச்சரித்தாள். குற்றாலத்துக்குள் நுழைகிற இடத்தில் உடம்பெல்லாம் எண்ணெய் மினுங்க ஒருவர் குறுக்கே ஓட, வண்டி தன் வேலையைக் காட்டி நின்றது. மூக்கம்மாள் வழக்கம்போலத் திரும்பிப் பார்த்தாள். அவளைப் பேரருவிப் பக்கம் இறக்கிவிட்டு, பார்க்கிங்கில் நிறுத்தி, ஜைனப் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். மலை பாதிக்குமேல் தெரியவில்லை. காஜாவின் போன் வந்தது.

"குத்தாலத்துலயா நிக்க?"

"ஆமா. சாரலு நல்லா விழுது. இன்னும் ஒரு மாசத்துக்குக் கொறையாதுன்னு சொல்லுதாவ" என்றாள். ஒரு மாதம் என்பதை அழுத்திச் சொன்னாள்.

"உன்ட்ட ஒண்ணு சொல்லணும். சந்தோஷமான விஷயம்தான்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "டிக்கெட் போட்டாச்சா?"

"மொதல்ல கேளு. இந்த ஒரு மாசத்துல மட்டும் உன் வண்டி இருபத்தேழு தடவ கோட்டத் தாண்டிருக்கு. எண்ணி வச்சிருக்கேன். நீ பயந்துருவியேன்னுதான் இத்தன நாளும் சொல்லல. நீ இன்னும் பதறிப் பதறித்தான் ஓட்டுத. எனக்கு இங்கன உறக்கமே இல்ல ஜைனபு. இந்த வண்டி ஒனக்குப் பத்தாது. புதுசு ஒண்ணு வரப்போகுதாம், நாலு பக்கமும் ரேடாரு. கோடே இல்லாட்டாலும் ரோட்டப் புடிச்சிக்கிட்டு அதுவா போகுமாம். நம்ம ஊருக்குன்னே செஞ்சது மாதிரி. அரபிட்ட பேசிட்டேன். இன்னும் ரெண்டே வருஷம். அந்த வண்டிய வாங்கி வாசல்ல நிறுத்திட்டு, நிம்மதியா கேன்சல்ல வந்துருதேன்."

கண்ணாடி முழுக்கச் சாரல் வழிந்தது. கேமரா மறைந்துவிட்டதாக வண்டி ஏதோ எழுதிக் காட்டியது. ரெண்டு வருஷம் என்றால் எத்தனை வெள்ளிக்கிழமை என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது.

"ஜைனபு? லைன்ல இருக்கியா?"

"எனக்கு நல்லா ஓட்டத் தெரியும்" என்றாள். "ஒரு நாளும் பதறல. ஒவ்வொரு தடவையும் நான் வேணும்னுதான் தாண்டுனேன்."

"என்ன சொல்லுத?"

"வண்டி கத்துனாத்தான நீங்க கூப்பிடுதிய? அதுக்குத்தான். அந்த நாலு வழி ரோட்டுக்குப் போறதே அதுக்குத்தான். எனக்கு எந்த வண்டியும் வேண்டாம். நீங்க வந்து பக்கத்துல உக்காந்தாப் போதும்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. இத்தனை வருஷத்தில் அவன் அழுது அவள் கேட்டதில்லை.

"நேத்துதான் புள்ள கையெழுத்துப் போட்டேன்" என்றான் காஜா. "முன்னாடியே ஒரு வார்த்த சொல்லிருக்கப்படாதா?"

"சொன்னேனே" என்றாள் ஜைனப். "இந்த ஒரு மாசத்துல மட்டும் இருபத்தேழு தடவ சொன்னேன்."