பொன்னையாவின் மூச்சும் மேட்டுச் சிறுத்தையும்

முதல் ஜெர்மன் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். இலங்கையில் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பொன்னையா என்றொரு மனிதர் இருந்தார். அங்கே துரையின் முகம் தெரியாதவர்கள்கூட உண்டு. பொன்னையாவின் கொம்புச் சத்தம் தெரியாதவர் கிடையாது. விடியுமுன், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே உள்ள மேட்டில் ஏறி அவர் கொம்பு ஊதினால்தான் பெரட்டு என்கிற காலைக் கூட்டத்துக்கு ஆள் கூடும், கங்காணி வேலை பிரித்துக் கொடுப்பார். திருச்சிப் பக்கத்திலிருந்து கிளம்பி, மன்னாரில் படகிறங்கி நடந்தே வந்த கூட்டத்தில் அவரும் ஒருவர். பகலெல்லாம் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற மனிதருக்கு இந்தக் கொம்பு ஒரு தனிக் கௌரவம். கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். "என் நெஞ்சு துருத்திடா, துருத்தி!" என்று மார்பைத் தட்டிக்கொள்வார்.

அந்தத் துருத்திக்கு ஒரு மழைக்காலத்தில் என்னவோ ஆகிவிட்டது. மேடேறினால் மூச்சு இரைத்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கொம்பை வாயில் வைத்தால் கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. யாரையாவது கேட்டிருக்கலாம் அல்லவா? கேட்கவில்லை. இது சயரோகம்தான் என்று தாமாகவே முடிவுகட்டிவிட்டார். அந்த நோய் வந்தவனைத் தோட்டத்தில் வைத்திருக்கமாட்டார்கள். பேரை வெட்டி இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள் என்பது லயத்துப் பேச்சு. அக்கரையில் அவருக்கு யார் இருக்கிறார்கள்? இங்கே கொழுந்து பறிக்கிற பெண்டாட்டி வடிவம்மா இருக்கிறாள். அவளைப் பிரிந்து எப்படி இருப்பது?

அதனால் மறைத்தார். எப்படி மறைத்தார் தெரியுமா? "மேட்டுல சிறுத்தை நடமாடுதுங்க. என் கண்ணால பாத்தேன். இனிமே லயத்து வாசல்லயே நின்னு ஊதுறேன்" என்று பெரட்டில் கூசாமல் ஒரு புளுகு! கங்காணி உடனே தலையாட்டினார். எங்கே பார்த்தாய், எப்போது பார்த்தாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. விறகுக்கு மேடேறுகிற பெண்கள் மறுநாளே கீழே ஓடைப் பக்கம் போக ஆரம்பித்தார்கள். அடேயப்பா, நம் சொல்லுக்கு என்ன மதிப்பு என்று பொன்னையாவுக்கு உள்ளூரப் பெருமை வேறு. வடிவம்மாவிடமும் அதே புளுகுதான்.

தோட்டத்து ஆஸ்பத்திரி மேட்டுக்கு அந்தப் பக்கம். அங்கே மருந்து கொடுப்பவர் டிஸ்பென்சர் யேசுரத்தினம். அவர் லயத்துக்கு வருகிறார் என்று தெரிந்தால் பொன்னையா தேயிலைக்குள் ஒளிந்துகொள்வார். அவர் கழுத்தில் தொங்குகிற குழாயை நெஞ்சில் வைத்தால் குட்டு உடைந்துவிடுமே!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்துக் குடத்தை இடுப்பில் தூக்கிய வடிவம்மா அப்படியே சரிந்து விழுந்தாள். பொன்னையா ஓடிப்போய்த் தூக்கினார். உதடு வெளுத்துக் கிடந்தது. கழுத்து நரம்பு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. "ஐயோ, என் நோவை ஒனக்கும் ஒட்ட வெச்சுட்டேனே, பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ரோட்டு வழி வெகு சுற்று. மேட்டு வழிதான் குறுக்கு. டிஸ்பென்சரைக் கூப்பிட்டால் தம் கதையும் முடிந்தது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஓடினார். "அண்ணே, அங்க போகாதீங்க, சிறுத்தை!" என்று பெண்கள் கத்தினார்கள். பாதி மேட்டில் கால் ஓய்ந்துபோனது. தேயிலைத் தூரைப் பிடித்து, உட்கார்ந்து, தவழ்ந்து, எப்படியோ ஆஸ்பத்திரி வாசலில் போய் விழுந்தார்.

"ஐயா, என்னைய என்ன வேணாலும் பண்ணுங்க. என் பொஞ்சாதியக் காப்பாத்துங்க."

யேசுரத்தினம் ஆளனுப்பி அவளைத் தூக்கிவரச் செய்தார். அவள் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். பிறகு பொன்னையாவின் நெஞ்சிலும் வைத்தார். பொன்னையா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"ரெண்டு பேருக்கும் நுரையீரல் சுத்தமா இருக்கு. சயமும் இல்ல, கியமும் இல்ல" என்ற டிஸ்பென்சர், இருவருடைய கீழிமையையும் இழுத்துப் பார்த்தார். "செவப்பா இருக்க வேண்டிய எடம் சுண்ணாம்பா இருக்கு. ஒனக்கும் அவளுக்கும் ரத்தம் இல்லய்யா!"

"ரத்தம் இல்லாட்டி மூச்சு ஏங்க வாங்குது?"

"நீ இழுக்குற காத்த ஒடம்பு பூரா சுமக்குறது ரத்தம்தானே? பத்துப் பேரு சுமக்குற கொழுந்த ரெண்டு பேரு சுமந்தா என்ன ஆகும்? ஓடி ஓடிச் சுமக்கணும். அந்த ரெண்டு பேரையும் வெரட்டுற கங்காணிதான் ஒன் இருதயம். அதான் இந்த அடி அடிக்குது."

பொன்னையாவின் கால்விரல் இடுக்கில் இருந்த புண்ணையும் காட்டி விளக்கினார். லயத்துக்குப் பின்னால் எல்லோரும் ஒதுங்குகிற ஈரமண்ணில் கண்ணுக்குத் தெரியாத புழு இருக்கிறதாம். வெறுங்காலைத் துளைத்து ரத்தத்தில் கலந்து, இருதயத்தைத் தாண்டி நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு வயிற்றில் இறங்கி, குடலைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கிறதாம். கேட்கக் கேட்கப் பொன்னையாவுக்கு உடம்பு கூசியது. ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை. கப்பல் இல்லை, பிரிவு இல்லை. புழுவை வெளியேற்ற ஓம உப்பும் பேதி மருந்தும்தான். எண்ணெயும் சாராயமும் தொடக்கூடாது என்று கண்டிப்பு. தொடுவாரா என்ன?

மறுவாரம் லயத்து ஜனங்கள் அத்தனை பேருடைய இமையையும் பார்த்தார்கள். வெளுக்காத இமையைத் தேட வேண்டியிருந்தது. கங்காணிக்கும் அதே வெளுப்புத்தான்.

வடிவம்மாவின் உதட்டில் நிறம் திரும்பியபோது, பொன்னையா அவளுடைய ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் உட்கார்ந்து மெல்ல வாயைத் திறந்தார்.

"வடிவு, மேட்டுல சிறுத்தையே கெடையாது புள்ள. ஏற முடியாம நான் விட்ட கதை."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஒங்க சிறுத்தை வந்து காப்பாத்துச்சுன்னு நான் முனியாண்டி சாமிகிட்ட தேங்கா ஒடைச்சேங்க! வெறகுக்கு அந்த மேடு ஏறி எனக்கு உசுரே போச்சு. பக்கத்து வீட்டு மதலேனா அக்காவும் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்துனாங்க. ஒருத்தராலயும் ஏற முடியல. யாரு வாயத் தொறந்தோம்?"

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

அவள் சிரிப்பு நின்றது. "சயம்னு என்னையக் கப்பலேத்திருவாங்களேன்னு பயம். நீங்க நல்ல நெஞ்சுக்காரரு, இங்கயே இருந்து பொழச்சுக்குவீங்க. நான் ஒத்தையில அக்கரைக்குப் போயி யாருகிட்ட நிப்பேன்?"

ஒரே பாயில் முதுகைத் திருப்பிப் படுத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒரே பயத்தில் செத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்! பொன்னையாவால் தாங்க முடியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள்.