ஷிப்ட் பஸ் வாங்கித் தந்த டிரா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செஸ்ஸில் குதிரை எங்கே போகும் என்று இன்றைக்கும் நான் விரல் வைத்து எண்ணித்தான் பார்ப்பேன். அப்படிப்பட்ட புத்திசாலி, ஓசூரில் எங்கள் கம்பெனி நடத்திய செஸ் போட்டிக்குப் பேர் கொடுத்தேன். பேர் கொடுத்தால் டி-ஷர்ட் இலவசம்.

கடைசி ஆட்டம் அசெம்பிளி லைனில் வேலை செய்யும் ஒரு பெண்ணோடு. நான் அதுவரை எல்லாரிடமும் தோற்றிருந்தேன். அவள் என்னையும் ஜெயித்தால் முதலிடம்; கிருஷ்ணகிரியில் நடக்கும் போட்டிக்குக் கம்பெனி சார்பில் போகலாம். இது எனக்கும் தெரியும்.

ஷிப்ட் முடிந்ததும் கேண்டீன் மேஜையில் உட்கார்ந்தோம். யோசிக்கும் நேரத்தை அளக்கும் செஸ் க்ளாக்கெல்லாம் கிடையாது. கால் மணி நேரத்தில் என் ராணி போய்ச் சேர்ந்தாள். ராஜா மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தார்.

"யோவ், ராஜாவுக்கு மாலை வாங்கியாரட்டுமா?" என்றார் வேடிக்கை பார்த்த மெயின்டனன்ஸ்காரர். எல்லாரும் சிரித்தார்கள். ஊரையே கிண்டல் செய்கிற எனக்குச் சுருக்கென்றது.

வேப்பனப்பள்ளி பக்கம் போகும் கம்பெனி பஸ் மூன்றரைக்குக் கிளம்பிவிடும். அதை விட்டால் அவள் இரண்டு பஸ் மாற வேண்டும். என் வீடு மூக்கண்டப்பள்ளியில், நடந்தே போய்விடுவேன். கன்னத்தில் கை வைத்து யோசிக்க ஆரம்பித்தேன். வீட்டில் சாயங்காலம் என்ன டிபனாக இருக்கும் என்றுதான் யோசித்தேன்.

"சார், ஆடுங்க சார்."

"இரும்மா, முக்கியமான எடம்."

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. நான் பலகையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது.

"டிரா வெச்சுக்கலாம் சார்" என்று அவள் பையை எடுத்தாள்.

ஏதோ நான் விட்டுக்கொடுத்த மாதிரி, "சரிம்மா, நல்லாத்தான் ஆடுனே" என்று கை கொடுத்தேன்.

போதாததற்கு, அந்த டி-ஷர்ட்டோடு வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டேன்: 'சாம்பியனைத் தடுத்தவன்.' டிராவில் அவளுக்குப் போன அரைப் புள்ளியால் ஸ்டோர்ஸ் பிரிவுக்காரர் ஒருவர் முதலிடம் வந்தார். கிருஷ்ணகிரிக்குப் போய் முதல் சுற்றிலேயே தோற்றும் வந்தார். ஸ்டேட்டஸ் பார்த்தவர்கள் வரிசையில் அவள் பேரும் இருந்தது. உடனே அழித்தேன். அதற்குப் பிறகு அந்த டி-ஷர்ட்டைப் போட மனம் வரவில்லை; இப்போது பைக் துடைக்கிறது.

அடுத்த வாரம் மதியச் சாப்பாட்டுத் தட்டோடு அவள் எதிரே போய் நின்றேன். வேடிக்கையாகச் சொல்லிச் சமாளிக்கலாம் என்று வந்தவனுக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

"அன்னைக்கு நான் வேணும்னேதான் இழுத்தேன்மா. தப்புதான். இன்னொரு ஆட்டம் ஆடலாமா?"

அவள் சாம்பார் சாதத்திலிருந்து தலை நிமிரவில்லை.

"க்ளாக் எடுத்துட்டு வாங்க சார்."